உழைச்செல்வான் ஒருவரா, இருவரா? திருமுக்கூடல் ஆதுலசாலையின் மருந்துக் காப்பும் மருந்து கொடுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டுத் திருமுக்கூடல் கல்வெட்டு, பழந்தமிழகத்தில் மருத்துவமனை இருந்தமைக்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. நிறுவனம் ஒன்றில் தங்கியிருப்போருக்கு மருந்தை யார் முடிவு செய்தார், யார் ஆக்கினார், யார் கொடுத்தார், இருப்பு எவ்வாறு பேணப்பட்டது என்னும் நோக்கில் அச்சாசனம் போதிய அளவு படிக்கப்படவில்லை. திருக்குறள் மருந்திற்குக் கூறும் நான்கு உறுப்புகளுள் இறுதியானதாகிய 'உழைச்செல்வான்', இச்சாசனத்தில் ஆக்குவோர், கொடுப்போர் என இருவேறு பணியாகப் பிரிந்து நிற்பதையும், அப்பிரிவின் மதிப்பு நெற்கணக்கில் வெளிப்படுவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தஞ்சை மராத்தியர் காலச் சத்திரங்களும் இன்றைய முதியோர் இல்லச் சட்டமும் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஆதுலசாலை, திருமுக்கூடல், உழைச்செல்வான், மருந்து இருப்பு, சத்திரம், முதியோர் இல்லம், காரைக்கால்

முன்னுரை

காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊர்களுள் ஒன்று கிளிஞ்சல்மேடு. இவ்வூர் போன்ற டெல்டாக் கரையூர்களில் முதியோரின் மருந்து பெரும்பாலும் வீட்டுப் புழக்கப் பொருள்களுள் ஒன்றாகவே இருக்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்து, வேண்டிய எண்ணிக்கையில் கொடுப்பது இப்பகுதியில் அன்றாட வழக்கம். பெயரும் காலாவதித் திங்களும் அச்சிடப்பட்ட துண்டு கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. வெள்ளை மாத்திரை காலையில், சிவப்பு மாத்திரை இரவில் என்று நினைவில் வைத்து மருமகளோ பேத்தியோ எடுத்துக் கொடுப்பார். வீட்டிற்குள் இவ்வேற்பாடு ஒருவாறு நடந்துவிடுகிறது. அம்முதியவர் ஓர் இல்லத்தில் சேர்க்கப்படும் நாளில் மாத்திரைகள் உடன் செல்கின்றன. அந்த நினைவு உடன் செல்வதில்லை.

இது சிறிய செய்தியன்று. இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 256 பேரிடம் நடத்தப்பெற்று 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு மருந்தில் ஒரு பிழையேனும் நேர்ந்திருந்ததைக் கண்டது. பயிற்சி பெற்ற ஊழியரும் எழுத்துப் பதிவும் உள்ள நாட்டின் நிலை இது. ஆகவே தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ள இயலாத ஒருவர், பிறர் கையிலிருந்து அதனைப் பெறும் ஏற்பாடு தமிழ் நிலத்தில் எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது என்று தேடுவது தகும். நாம் அறிந்தவரை இதற்கு மிக விரிவான விடை தருவது காவிரிக் கரையைச் சார்ந்த சான்று அன்று, பாலாற்றங்கரைச் சான்று. எனவே முதலில் அங்குச் சென்று, பின்னர் டெல்டாவிற்குத் திரும்புவோம்.

நான்காம் உறுப்பு

கல்வெட்டிற்குச் செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', தன் இறுதிக் குறளில் (950) மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உழைச்செல்வான். சரக சம்ஹிதையும் மருத்துவன், மருந்துப்பொருள், உபஸ்தாதா, நோயாளி என நான்கு பாதங்களைக் கூறும். இரு வகுப்பையும் ஒப்பிட்டோர் உழைச்செல்வானையும் உபஸ்தாதாவையும் ஒன்றாகவே கொண்டனர். 'உழை' என்பது பக்கம். பக்கத்தில் நின்று பணி செய்பவர் என்பது நேர்பொருள்.

பரிமேலழகர் இச்சொல்லுக்குத் தரும் விளக்கம் கவனத்திற்குரியது. அவர் அதனை அருகில் இருந்து பணிவிடை செய்பவர் என்று மட்டும் கொள்ளவில்லை. மருந்தைப் பிழையாமல் இயற்றுபவர் என்ற பொருளில் உரைக்கிறார். இயற்றுதல் என்பது ஆக்குதலையும் குறிக்கும், நடத்துதலையும் குறிக்கும். காய்ச்சுகிறவரா, ஊட்டுகிறவரா என்ற ஐயம் இதனால் எழுகிறது. பின்வந்த உரையாளர் பலர் செவிலிப் பணியை நோக்கியே பொருள் கொண்டனர். வீட்டு மருத்துவத்தில் இவ்வையம் பொருட்டாகாது. கஷாயத்தை இறக்கி வைத்தவரே அதனை வாயில் ஊற்றவும் செய்வார். பலர் தங்கும் நிறுவனத்தில்தான் இரண்டும் பிரியும். பரிமேலழகருக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவை பிரிந்துவிட்டமைக்குக் கல்லில் சான்று உள்ளது.

திருமுக்கூடல் சாசனம்

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. அங்குள்ள பெருமாள் கோயிலில் பொறிக்கப்பட்ட வீரராசேந்திரனின் (ஆட்சி 1063–1070) சாசனத்தை கே. வி. சுப்பிரமணிய ஐயர் 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இதனை எடுத்தாண்டபின் இது பாடநூல்கள் வரை சென்றது. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் கோயிலுக்கு ஒதுக்கப்பட்டதையும், அவ்வருவாய் எவ்வெவற்றிற்குச் செலவிடப்பட வேண்டும் என்பதையும் சாசனம் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறது. வழிபாடு, விழா ஆகியவற்றோடு சனநாத மண்டபத்தில் இயங்கிய கல்விச்சாலை, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்னும் பெயரிய ஆதுலசாலை ஆகியவையும் இச்செலவுத் திட்டத்தில் அடங்கும்.

ஆதுலசாலையில் நோயுற்றுக் கிடப்போர் 15 பேருக்கு இடம் வகுக்கப்பட்டது. ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவக் காணி பெற்ற கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் தலைமை மருத்துவர். அறுவை மருத்துவம் செய்வோன் ஒருவன். சாசனம் அவன் தொழிலைச் சல்லியக்கிரியை என்னும். மருந்துச் சரக்குகளைப் பறித்துக் கொணர்ந்து, விறகிட்டு, மருந்தை ஆக்குவோர் இருவர். நோயாளரைக் கவனித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவர். நாவிதன் ஒருவன். இரவெல்லாம் எரியும் விளக்கு ஒன்றிற்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது.

இங்குக் கிடந்தோர் யார் என்பது வினா. மருத்துவமனை தனித்து நிற்கவில்லை. உணவு, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், பாய், விளக்கெண்ணெய் ஆகியன வழங்கப்பட்ட மாணவர் விடுதியோடு ஒரே மண்டபத்தில், ஒரே செலவுப் பட்டியலில் அது நிற்கிறது. ஆகவே கல்விச்சாலையைச் சார்ந்தோரும் கோயிற் பணியாளருமே முதன்மையாக இதன் பயனைப் பெற்றிருப்பர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இக்கட்டுரைக்கு அது முக்கியமானது. வழிப்போக்கராக வந்து மருந்து வாங்கிச் செல்வோர் வேறு. குடும்பத்தை விட்டு நீண்டகாலம் ஒரு நிறுவனத்தில் வாழ்ந்து, அங்கேயே நோயுற்று, அந்நிறுவனத்தின் ஊழியர் கையிலிருந்து மருந்தைப் பெறுவோர் வேறு. திருமுக்கூடல் இரண்டாம் வகைக்கு அணித்தானது. அதனை 'முதியோர் இல்லம்' என்று அழைப்பது மிகையாகும். இல்லத்தின் மருந்துச் சிக்கல் அங்கு இருந்தது என்பதே நம் கூற்று.

நெற்கணக்கு காட்டுவது

சாசனம் தரும் ஆண்டு ஊதியம் வருமாறு: மருத்துவருக்கு நெல் 90 கலமும் 8 காசும், அறுவை மருத்துவருக்கு 30 கலம், மருந்து ஆக்குவோர் இருவருக்குமாக 60 கலமும் 2 காசும், மருந்து கொடுக்கும் பெண்கள் இருவருக்குமாக 30 கலமும் 1 காசும், நாவிதனுக்கு 15 கலம். ஒரு கலம் 12 குறுணி. ஒரு குறுணி 8 நாழி. ஆண்டிற்கு 360 நாள் என்று கொண்டு வகுத்தால் கணக்கு மிச்சமின்றி அமைகிறது. நாள் ஒன்றுக்கு மருத்துவருக்கு 3 குறுணி, அறுவை மருத்துவருக்கு 1 குறுணி, மருந்து ஆக்குவோர் ஒவ்வொருவருக்கும் 1 குறுணி, மருந்து கொடுக்கும் பெண் ஒவ்வொருவருக்கும் அரைக் குறுணி, அதாவது 4 நாழி.

இவ்வெண்கள் இரண்டு செய்திகளைத் தருகின்றன. மருந்து ஆக்குவோனின் நெல்லும் அறுவை மருத்துவனின் நெல்லும் சமம். காட்டிலும் மேட்டிலும் சரக்கை இனங்கண்டு பறிப்பதையும், பக்குவம் தவறாது காய்ச்சுவதையும் சாசனம் எழுதுவித்தோர் கூலிவேலையாகக் கருதவில்லை, தனித்திறனாக மதித்தனர். இது வரவேற்கத்தக்கதே. மற்றொரு செய்தி அவ்வளவு இனிமையானதன்று. மருந்து கொடுக்கும் பெண்ணின் ஊதியம் ஆக்குவோனுடையதில் பாதி, மருத்துவனுடையதில் ஆறில் ஒன்று, நாவிதன் பெறும் நெல்லுக்குச் சமம். சோழர் காலக் கணக்குகளில் பரவலாகக் காணப்படும் ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்னும் விகிதத்தைப் பொருத்தினால், அவள் பெறும் 4 நாழி நெல் 1.6 நாழி அரிசியாகும். அவள் கவனிக்கும் நோயாளியின் நாட்படி ஒரு நாழி அரிசி. ஆண்டிற்கு அரைக் காசு அதன்மேல் சேர்கிறது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியம் வேறுபட்டதனால் மட்டுமே இது நேர்ந்ததா, பணியின் மதிப்பே குறைவாக எண்ணப்பட்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல இச்சாசனம் ஒன்று மட்டும் போதாது. இரண்டும் கலந்திருக்கலாம். எனினும் 'உழைச்செல்வான்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நின்ற இருவரும் நிறுவனக் கணக்கில் சமமாக நிற்கவில்லை என்பது உறுதி. இயற்றுபவர் ஒரு குறுணிக்கு உயர்ந்தார். உழையில் நின்றவர் அரைக் குறுணியில் நின்றார்.

மருத்துவத்தையும் மருந்தாக்கத்தையும் பிரித்த முதல் முயற்சி இது என்று கொண்டாட வேண்டியதில்லை. ஐரோப்பாவில் இப்பிரிவுக்குத் தொடக்கமாகச் சுட்டப்படுவது, சிசிலி அரசர் இரண்டாம் பிரெடெரிக் 1240ஐ ஒட்டிப் பிறப்பித்த ஆணை; திருமுக்கூடல் அதற்கு ஏறத்தாழ 170 ஆண்டு மூத்தது. ஆனால் சிசிலி ஆணை, மருத்துவரும் மருந்தாக்குநரும் கூட்டு வணிகம் செய்யாமல் தடுக்கும் சட்டம். ஒருவர் மற்றவருக்குக் கட்டுப்பட்டவரல்லர். திருமுக்கூடலில் இருப்பதோ ஒரே மருத்துவரின் கீழமைந்த பணிப்பங்கீடு. காலத்தால் முந்தியதை வைத்து இரண்டையும் ஒன்றென்பது ஆய்வுக்கு உதவாது.

ஓராண்டு இருப்பு

சாசனத்தின் மிக அரிய பகுதி மருந்துப் பட்டியல். ஓராண்டிற்கு ஆதுலசாலையில் இருக்க வேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகள் பெயரும் அளவும் குறித்து எழுதப்பட்டுள்ளன. வாசாஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பல்லாதக ஹரீதகி எனக் கடுக்காயை முதலாகக் கொண்டவை. பலாகேரண்ட தைலம், பஞ்சக தைலம், லசுனாத்யேரண்ட தைலம் முதலிய எண்ணெய்கள். பில்வாதி கிருதம் முதலிய நெய்கள். மண்டூகர வடிகம் என்னும் உருண்டை. விமலை, சுநேத்ரி, தாம்ராதி, வஜ்ரகல்பம், கல்யாண லவணம், புராண கிருதம். பெயர்கள் வடமொழியாயினும் சரக்குகள் நம் கொல்லைக்கு அயலானவை அல்ல: ஆடாதொடை, கடுக்காய், பூண்டு, ஆமணக்கு, வில்வம், சேங்கொட்டை.

இப்பட்டியல் மருந்து நூலிலிருந்து எடுத்தெழுதிய பெயர்க்கோவை அன்று; இருப்பில் இருந்தாக வேண்டியவற்றின் ஆணை. நோயாளி வந்தபின் சரக்குத் தேடி, அரைத்து, காய்ச்சிக் கொடுப்பது வீட்டு வைத்தியனின் முறை. நிறுவனம் முன்கூட்டியே ஆக்கி வைக்கிறது. ஆக்கி வைத்தவுடன் மூன்று கவலைகள் பிறக்கின்றன: கெட்டுப்போதல், மாறிப்போதல், நஞ்சாதல்.

கெடுதலைப் பற்றி நூல்வழக்கு தெளிவாகப் பேசுகிறது. சாசனத்திற்குப் பிற்பட்டதாகிய சார்ங்கதர சம்ஹிதை, சூரணம் 2 மாதமும், குளிகையும் லேகியமும் ஓராண்டும் வீரியம் குன்றாது என்று வரையறுக்கும். நெய்க்கும் எண்ணெய்க்கும் 16 மாதம் என்பது உரையாளர் பலர் கொள்ளும் பொருள். பிற்கால நூலை முற்காலச் சாசனத்திற்குக் காரணமாகக் காட்ட இயலாது. எனினும் திருமுக்கூடல் பட்டியலில் லேகியம், வடிகம், தைலம், கிருதம் ஆகியவை மிகுந்திருப்பதும், இருப்பின் அளவு ஓராண்டு என்பதும் இம்மரபோடு பொருந்துகின்றன. ஓராண்டு என்பது கணக்கர் வசதிக்கான வரையறையாகவே தோன்றியிருக்கலாம். மருந்தின் ஆயுளும் அதற்கு இடங்கொடுத்தது.

இவ்வாண்டுக் கணக்கிற்குள் அடங்காத மருந்து ஒன்றும் பட்டியலில் உண்டு. புராண கிருதம் என்பது பழைய நெய். பல ஆண்டுகள், சில நூல்களின்படி பத்தாண்டுகள், வைத்துப் பழகிய பசுநெய்யே அப்பெயர் பெறும். சித்தப் பிறழ்ச்சி, வலிப்பு முதலியவற்றிற்கு அது விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் வருவாயைச் செலவிட்டு முடிக்கும் நிறுவனம், இன்று வைக்கும் நெய்யைப் பல ஆண்டுகளுக்குப் பின் கிடக்கப்போகும் நோயாளிக்காக வைக்கிறது. எந்தக் கலம் எந்த ஆண்டினது என்பதை யாரேனும் அறிந்திருக்க வேண்டும். அது ஓலையிலா, கலத்தின் கழுத்திலா, ஆக்குவோரின் நினைவிலா இருந்தது என்பதைச் சாசனம் கூறவில்லை.

நஞ்சாதல் குறித்து சேங்கொட்டையே சான்று. பல்லாதகம் எனப்படும் இது தோலில் பட்டாலே கொப்புளம் எழுப்பும். சுத்தி செய்யாமல் உட்கொண்டால் கேடு. சுத்தி செய்தாலும் அளவு மீறலாகாது. ஒவ்வாதாருக்குக் கொடுத்தலும் ஆகாது. இன்றைய மருத்துவமனைகள் இத்தகைய மருந்துகளைத் தனிப் பூட்டில் வைக்கும். திருமுக்கூடலில் பல்லாதக ஹரீதகி, தசமூல ஹரீதகியோடும் வாசாஹரீதகியோடும் ஒரே பட்டியலில் நிற்கிறது. மூன்றும் கடுக்காய் சேர்ந்தவை; ஆக்கியபின் நிறத்தால் வேறுபடுத்துவது எளிதாக இருந்திராது. இரவு விளக்கொளியில் அவற்றுள் ஒன்றை எடுத்து நீட்டியவர் அரைக் குறுணி பெற்ற பெண்.

கையளவு

எழுத்துப் பதிவு இல்லாத இடத்தில் அளவு எவ்வாறு பிழையாமல் சென்றது? இதற்குச் சாசனத்தில் விடை இல்லை. தமிழ் மருத்துவ மரபின் அளவைச் சொற்கள் ஒரு குறிப்புத் தருகின்றன. குன்றிமணி எடை, பணவெடை என்பவை தராசுக்குரியவை. மருந்து ஆக்குவோருக்குப் பயன்படுபவை. சுண்டைக்காய் அளவு, கழற்சிக்காய் அளவு, புன்னைக்காய் அளவு, வெருகடி அளவு என்பவை வேறு வகை. இவற்றிற்குத் தராசு வேண்டா. மூவிரல் நுனியால் எடுக்குமளவு வெருகடி; அதனை ஒருமுறை காட்டினால் போதும். அந்தி சந்தி என்றால் இருவேளை. ஒரு மண்டலம் என்றால் நாள் கணக்கு முடிந்தது. தேன், நெய், வெந்நீர் என அனுபானம் மாறும்போது மருந்தும் மாறுவதாகக் கொள்ளப்பட்டது.

இவ்வளவைகளைத் துல்லியமற்றவை என்று ஒதுக்கும் வழக்கம் நம் கல்விப்புலத்தில் உண்டு. அவை யாருக்காக அமைந்தவை என்பதை எண்ணினால் அத்தீர்ப்பு மாறக்கூடும். எழுதப் படிக்கத் தெரியாத, ஆயினும் காயையும் விரலையும் அறிந்த ஒருவரிடம் அளவை ஒப்படைப்பதற்கான மொழி அது. உழையில் நிற்பவரை நோக்கியே அது உருவானது. அதன் குறை துல்லியத்தில் இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு பணியாள் என்ற அளவில்தான் அது இயங்கும் என்பதே அதன் குறை. பதினைந்து பேருக்கு இருவர் என்னும்போது, யாருக்கு வெருகடி, யாருக்குச் சுண்டைக்காயளவு, யாருக்குக் காலையில் கொடுத்தாயிற்று என்பன நினைவின் சுமையாகின்றன.

இலங்கையின் மிகிந்தலை இங்கு நினைவுகூரத்தக்கது. சேதியகிரியில் இரண்டாம் சேனன் (853–887) மருத்துவமனை அமைத்ததாகச் சூளவம்சம் கூறும். அங்குள்ள மருத்துவமனை இடிபாடுகளில் சிற்றறைகளின் அடித்தளமும், மனித உடல் கிடக்கும் வடிவில் குடையப்பட்ட கல் மருந்துத் தொட்டியும் எஞ்சியுள்ளன. நான்காம் மகிந்தனின் (956–972) கற்பலகைகள் விகாரைப் பணியாளரின் ஊதியத்தை வகுக்கின்றன. அங்குக் கட்டடம் எஞ்சியது. திருமுக்கூடலில் இருப்புப் பட்டியல் எஞ்சியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு மருந்தறையின் உருவம் ஓரளவு புலப்படுகிறது. இரண்டிலும் நோயாளிவாரியான பதிவு இல்லை.

டெல்டாவில்: சத்திரமும் ஏடும்

காவிரிப் பகுதியில் சோழர் கால ஆதுலசாலைக்குத் தஞ்சாவூரே நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. குந்தவை தன் தந்தையின் பெயரால் அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு மருத்துவக் காணி அளித்தாள். அச்சான்று மருத்துவரின் நிலவுரிமை பற்றியது. மருந்து கொடுப்போர் பற்றி நாம் தேடும் செய்தி அதில் கிட்டவில்லை.

மராத்தியர் காலத்திற்கு வரும்போது சான்றின் தன்மையே மாறுகிறது. காரைக்கால் 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. அதனைச் சூழ்ந்த நிலமெல்லாம் தஞ்சைச் சத்திரங்களின் நிலமாகவே தொடர்ந்தது. 1799இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் சென்றபின், இரண்டாம் சரபோசி (1798–1832) சத்திரங்களைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு வேண்டி 1801இல் ரெசிடெண்டு பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம் வரலாற்றாய்வாளர் நன்கறிந்தது. சத்திரத்தில் நோயுறுவோருக்கு மருத்துவரும் மருந்தும் நோய்க்கேற்ற உணவும் அவர் தேறும்வரை கொடுக்கப்படும் என்றும், மகப்பேற்றுப் பெண்டிரும் ஆதரவற்ற பிள்ளைகளும் பேணப்படுவர் என்றும் அக்கடிதம் விளக்குகிறது. மருந்தையும் உணவையும் ஒரே தொடரில் வைத்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பத்தியம் என்பது மருந்தின் பகுதி; சத்திரத்து மடைப்பள்ளி மருந்தறையின் நீட்சி. வேண்டுகோள் கடிதமாதலின் தம் நிறுவனத்தைச் சற்று உயர்த்திக் காட்டியிருக்க இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

சரபோசியின் தன்வந்திரி மகாலில் மருந்துகள் ஆக்கப்பட்டன; ஆய்ந்து கண்ட முறைகள் பின்னர் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என நூல்வடிவம் பெற்றன. கண் நோயாளர் சிலரின் சிகிச்சைக் குறிப்பேடுகள், கண்ணின் வண்ண ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்படுகின்றன. மோடி எழுத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்த அவ்வேடுகளில்தான் நோயாளி தனி ஆளாக, தன் பெயரோடும் தன் நோயோடும் மருத்துவ ஏட்டில் இடம்பெறுகிறார். திருமுக்கூடலின் 15 பேர் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தனர். ஏறத்தாழ 750 ஆண்டு இடைவெளியில் நேர்ந்த இம்மாற்றம் பெரிது. அதே வேளையில் ஏட்டை எழுதியவர் மருத்துவர் தரப்பினர். எழுதப்பட்டது நோயும் சிகிச்சையும். இன்ன வேளையில் இன்னார் கையால் மருந்து கொடுக்கப்பட்டது என்னும் குறிப்பு வேறொரு வகை ஏடு. மருத்துவமனைச் செவிலியர் ஏடாக அது நம்மிடம் வந்தது பின்னரே.

இன்றைய இல்லமும் சட்டமும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும் வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும்படி அமைக்கலாம் என்று 19ஆம் பிரிவில் கூறுகிறது. அவ்வில்லங்களில் மருத்துவக் கவனிப்புக்கும் பொழுதுபோக்கிற்கும் தேவையான பணிகளின் தரத்தை வகுக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு விடப்பட்டது. மருந்தை யார் வைத்திருப்பது, யார் கொடுப்பது என்பது சட்டத்தின் உரையில் இல்லை. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், மருத்துவர் எழுதிய மருந்தைக் கலக்கவும் ஆக்கவும் வழங்கவும் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே உரிமை என்று 42ஆம் பிரிவில் வரையறுக்கிறது. மருத்துவருக்குப் பதிவு உண்டு. ஆக்கி வழங்குபவருக்குப் பதிவு உண்டு. வழங்கப்பட்ட மருந்தை இல்லத்தின் உள்ளறையில் நாள்தோறும் எடுத்துக் கொடுக்கும் பணியாளுக்கு இவ்விரு சட்டங்களிலும் பெயர் இல்லை. திருமுக்கூடல் அவளுக்கு ஒரு வரியும் அரைக் குறுணியும் கொடுத்திருந்தது.

பிழை அனைத்தையும் அக்கடைசிக் கையின்மேல் ஏற்றுவதற்கு இது காரணமாகிவிடக் கூடாது. மேலே சுட்டிய 2009ஆம் ஆண்டு ஆய்வில், மருந்து எழுதுவதிலும் கடையிலிருந்து வழங்குவதிலும் பிழைக்கு ஆளான முதியோர், கொடுப்பதில் பிழைக்கு ஆளானோரைவிட மிகுதி. பெயரழிந்த மாத்திரைத் துண்டைப் பெற்றுக்கொள்ளும் பணிப்பெண், தனக்கு முன் நிகழ்ந்த பிழையையும் சேர்த்தே கொடுக்கிறாள். பல்லாதக ஹரீதகியின் சுத்தி குறைந்திருந்தால் அதனைத் திருமுக்கூடலின் பெண் எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

இனி ஆராயத்தக்கவை சில உள. ஆதுலசாலை பற்றிய சோழர், பாண்டியர் காலச் சாசனங்களில் மருத்துவர் காணியைக் குறிக்கும் வரிகள் ஓரளவு தொகுக்கப்பட்டுள்ளன. மருந்து ஆக்குவோர், கொடுப்போர் ஆகியோரைக் குறிக்கும் வினைச்சொற்கள் தொகுக்கப்படவில்லை. தஞ்சை மோடி ஆவணங்களின் சத்திரக் கணக்குகளில் மருந்துச் செலவும் பணியாள் கூலியும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். குறிக்கப்பட்டிருப்பின் திருமுக்கூடலின் ஒரு குறுணி, அரைக் குறுணி விகிதம் தொடர்ந்ததா, மாறியதா என்பது தெரியவரும். காரைக்காலின் பிரெஞ்சு நிருவாக ஆவணங்கள், அதே நிலத்தில் வேறொரு மருந்துச் சட்ட மரபின்கீழ் அமைந்த நிறுவனங்களை ஒப்பிட உதவலாம். கோதண்டராமன் அசுவத்தாம பட்டனின் பெயரைக் காத்த கல்வெட்டு, மருந்து கொடுத்த பெண்களைக் குறிக்கும் இடத்தில் இருவர் என்ற எண்ணை மட்டும் தருகிறது.